அமெரிக்கப் பின்பால் ஆட்டக்காரர்களைக் கொண்டாட ஓர் இழை: உங்கள் ஓட்டு யாருக்கு?

வெள்ளிக்குண்டு

பின்பால் என்றதும் நம்மில் பாதிப் பேருக்கு ஞாபகம் வருவது பழைய கணினியில் இலவசமாகக் கிடைத்த அந்த விளையாட்டுதான். சாய்ந்த பலகையில் உருண்டு இறங்கும் பந்தை, கீழே இருக்கிற ஃபிளிப்பர் என்ற துடுப்புகளால் பொத்தானை அழுத்தி மேலே அடித்துப் புள்ளி சேர்க்கிற ஆட்டம். நிஜப் பெட்டியின் முன்னால் நின்று ஆடியவர்கள் குறைவு. ஆனால் அமெரிக்காவில் இதைப் போட்டியாக ஆடுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சாம்பியன் உண்டு, அதற்கு மேல் தேசியப் போட்டி உண்டு, உலகத் தரவரிசை உண்டு, நேரலையில் வர்ணனையோடு நடுநிசி வரைக்கும் ஆட்டம் ஓடும். தமிழில் இவர்களைப் பற்றி யாரும் எழுதக் காணோம். அதனால் இந்த இழை. உங்களுக்குப் பிடித்தவர் யார், ஏன் என்று எழுதுங்கள். கோப்பை எண்ணிக்கை மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள், அவர் என்ன செய்தார் என்று சொல்லுங்கள்.

என் ஓட்டு கீத் எல்வினுக்கு. கலிபோர்னியாக்காரர். பல ஆண்டுகள் உலகத் தரவரிசையில் முதலிடம், பாப்பா (PAPA) என்ற பின்பால் அமைப்பின் உலகப் பட்டம், தரவரிசை நடத்துகிற ஐஎஃப்பிஏ (IFPA) சங்கத்தின் உலகப் பட்டம், பிட்ஸ்பர்க்கில் நடந்த பின்பர்க் போட்டி என்று இந்த ஆட்டத்தில் ஜெயிக்க என்னவெல்லாம் இருக்கிறதோ எல்லாம் ஜெயித்தவர். அவர் ஆடுவதை முதல்முறை பார்க்கிறவர்களுக்குப் பரபரப்பே தெரியாது. பந்து தாறுமாறாகப் பாய்ந்து வரும், ஃபிளிப்பரைத் தொடும், அப்படியே நின்றுவிடும். அப்புறம் ஒரு நொடி யோசித்து அடுத்த அடி. மற்றவர்கள் தடுமாறிக்கொண்டிருக்கும் பெட்டியில் இவர் மட்டும் நிதானமாக ஆடுவார்.

இவ்வளவுக்கும் பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பெரிது. வீட்டிலேயே சொந்தமாக ஒரு பெட்டியை வடிவமைத்தார். 2017-இல் பின்பால் பெட்டி தயாரிக்கிற ஸ்டெர்ன் நிறுவனம் அவரை வடிவமைப்பாளராக எடுத்துக்கொண்டது. 2018-இல் அயர்ன் மெய்டன் பெட்டி வந்தது, அந்த வீட்டுப் பெட்டியின் பாதைகள்தான் அதற்கு அடிப்படை. அடுத்து 2019-இல் ஜுராசிக் பார்க், 2021-இல் காட்சில்லா, 2024-இல் ஜாஸ். இன்றைக்குப் போட்டிகளில் எல்லாரும் ஆடுகிற பெட்டிகளில் பல இவர் கையால் வந்தவை. ஆடுகளத்தையே அமைத்துக் கொடுத்த சாம்பியன் வேறு எந்த விளையாட்டில் இருக்கிறார், சொல்லுங்கள்.

கேரம்பிரியன்

நல்ல இழை அண்ணா. ஆனால் நேராகவே கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கேரம் பலகையில் ஸ்ட்ரைக்கரை நான் வைக்கிற இடம், அடிக்கிற கோணம், வேகம் எல்லாம் என் கையில். பின்பாலில் பந்து எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்? நடுவில் நேராக இறங்கிவிட்டால் ஆட்டம் போச்சு. இதில் ஒருவர் "பெரிய ஆட்டக்காரர்" என்று எப்படிச் சொல்வது? அதிர்ஷ்டம்தானே பாதி?

இயந்திரப்பித்தன்

நண்பரே, இதே கேள்வியை நியூயார்க் நகரசபையே கேட்டது. அதற்குப் பதில் சொன்னவருக்குத்தான் என் ஓட்டு: ரோஜர் ஷார்ப்.

கதை தெரியாதவர்களுக்காக. 1942-இல் மேயர் லா கார்டியா நியூயார்க்கில் பின்பாலைத் தடை செய்தார். சூதாட்டம், பிள்ளைகளின் காசைப் பிடுங்குகிறது, ரவுடிகள் கையில் இருக்கிறது என்பது வாதம். பறிமுதல் செய்த பெட்டிகளைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கிப் படமும் எடுத்துக்கொண்டார்கள். அன்றைய பெட்டியைப் பார்த்தால் அந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை, ஏனென்றால் அதில் ஃபிளிப்பரே கிடையாது. பந்தை மேலே தள்ளிவிட்டு, பெட்டியைக் கொஞ்சம் உலுக்குவதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாது. 1947-இல் காட்லீப் நிறுவனத்தின் ஹம்ப்டி டம்ப்டி பெட்டியில்தான் ஃபிளிப்பர் வந்தது. அதோடு ஆட்டமே வேறாகிவிட்டது, சட்டம் மட்டும் மாறவில்லை. பெட்டிகள் தயாரான சிகாகோவிலேயே பல காலம் தடை இருந்தது என்றால் பாருங்கள். லாஸ் ஏஞ்சலிஸில் 1974-இல்தான் நீதிமன்றம் தடையை நீக்கியது.

1976 ஏப்ரலில் நியூயார்க் நகரசபைக் குழு முன்னால் ஷார்ப் போய் நின்றார். பத்திரிகை எழுத்தாளர், வயது இருபதுகளில். இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள், ஒன்று பழுதானால் இன்னொன்று. ஆடத் தொடங்கும்போது சபை உறுப்பினர் ஒருவர் குறுக்கிட்டு, அந்தப் பெட்டி வேண்டாம், மாற்றுப் பெட்டியில் ஆடு என்றார். முதல் பெட்டியில் ஏதோ வேலை செய்து வைத்திருப்பார்களோ என்ற சந்தேகம். மாற்றுப் பெட்டியிலும் ஷார்ப் ஆடினார், அவர்கள் அசரவில்லை. கடைசியில், இப்போது பந்தை ஏவுகிற பிளஞ்சர் கம்பியை இழுத்துவிடுகிறேன், பந்து மேலே போய் நடுப் பாதை வழியாக இறங்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு விட்டார். இறங்கியது. குழு தடையை நீக்க வாக்களித்தது.

அந்த ஒரு அடியில் அதிர்ஷ்டமும் இருந்தது என்று பின்னாளில் ஷார்ப்பே சொல்லியிருக்கிறார். அதை மறைக்கவில்லை என்பதற்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது. ஆனால் அதற்கு முன்னால் அங்கே நின்று ஆடியதெல்லாம் வெறும் கைத்திறமை. பிறகு அவர் பெட்டிகளையும் வடிவமைத்தார். 1979-இல் வந்த ஷார்ப்ஷூட்டர் பெட்டியின் பின்கண்ணாடியில் வரைந்திருக்கும் துப்பாக்கி வீரனுக்கு அவருடைய முகச்சாயல்தான்.

இன்னொன்று, அவர் பிள்ளைகள் ஜாஷ், ஜாக் இரண்டு பேருமே உலகின் முன்னணி ஆட்டக்காரர்கள். செயலிழந்து கிடந்த ஐஎஃப்பிஏ சங்கத்துக்கு 2006-இல் மறுபடி உயிர் கொடுத்து இன்றைய தரவரிசை முறையைக் கொண்டுவந்ததும் இந்தக் குடும்பம்தான். அப்பா தடையை உடைத்தார், பிள்ளைகள் போட்டி உலகத்தைக் கட்டினார்கள்.

வெள்ளிக்குண்டு

@கேரம்பிரியன், கேள்வி நியாயமானதுதான் தம்பி. பந்து எங்கே போகும் என்று முழுதாக யாருக்கும் தெரியாது. அது கீழே வரும்போது என்ன செய்கிறோம் என்பதில்தான் ஆட்டம் இருக்கிறது.

கிட்டே போய்ப் பார்க்கலாம். பந்து என்பது சுமார் 80 கிராம் எடையுள்ள எஃகுக் குண்டு. சாய்ந்த பலகையில் வேகமெடுத்து இறங்கும். புதிதாக ஆடுகிறவர் பதறி இரண்டு பொத்தானையும் சேர்த்து அடிப்பார். தேர்ந்தவர் பல நேரம் ஒன்றுமே செய்ய மாட்டார். ஃபிளிப்பரை அசையாமல் விட்டால் பந்து அதன் ரப்பரில் பட்டுத் துள்ளி எதிர்ப்பக்க ஃபிளிப்பருக்குத் தானாகப் போகும், அங்கே ஏந்திக்கொள்ளலாம். இதற்கு டெட் பவுன்ஸ் என்று பெயர். இல்லையென்றால் தூக்கிப் பிடித்த ஃபிளிப்பரைப் பந்து தொடும் அதே கணத்தில் கீழே விட்டுவிடுவார், பந்தின் வேகம் செத்துவிடும். அது டிராப் கேட்ச். இதற்கு நேர்மாறாக, ஃபிளிப்பர் மேலேறி முடிகிற புள்ளியும் பந்து வந்து சேர்கிற கணமும் ஒன்றாகும்படி அடித்து நிறுத்துவது லைவ் கேட்ச். அது கண்ணிமைக்கும் நேரத்து வேலை. கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் பந்து எங்கோ பறந்துவிடும்.

அப்புறம் உலுக்குவது. பெட்டியை இடிக்கலாம், தள்ளலாம், அது ஆட்டத்தின் ஒரு பகுதி. உள்ளே ஒரு கம்பியில் கூம்பு மாதிரி ஓர் உலோக எடை தொங்கும், அதைச் சுற்றி ஒரு வளையம். எடை வளையத்தைத் தொட்டால் மின்சுற்று மூடும். முதலில் எச்சரிக்கை வரும், மீறினால் டில்ட், ஃபிளிப்பர்கள் செத்துவிடும், பந்து உங்கள் கண்ணெதிரே இறங்கிப் போகும். அந்த எடை எவ்வளவு தளர்வாகத் தொங்குகிறது என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். பெரிய ஆட்டக்காரர்கள் முதல் பந்திலேயே அதை அளந்துவிடுவார்கள். பெட்டியைப் பலமாக உலுக்கிய பிறகு அடுத்த பந்தை உடனே விடாமல் சும்மா நிற்பார்கள், பார்ப்பவர்கள் ஏதோ ஓய்வெடுக்கிறார் என்று நினைப்பார்கள். உள்ளே ஆடிக்கொண்டிருக்கும் எடை அடங்கட்டும் என்று காத்திருக்கிறார்.

கேரம்பிரியன்

சரி, கைத்திறமை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு ஆட்டத்துக்கு மூன்றே பந்து. மூன்றும் கெட்ட நேரத்தில் இறங்கிவிட்டால் எல்வினும் தோற்பார் இல்லையா?

பிட்ஸ்பர்க்வாசி

தோற்பார். தோற்றிருக்கிறார். அதனால்தான் ஒரு ஆட்டத்தை வைத்து யாரும் சாம்பியன் ஆவதில்லை.

பின்பர்க் போட்டி முறையைச் சொல்கிறேன், சந்தேகம் தீரும். நான்கு பேர் ஒரு குழு. ஒரு சுற்றில் நான்கு பெட்டிகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்துப் பெட்டி. மணி அடிக்கிற பழைய மின்-இயந்திரப் பெட்டியும் இருக்கும், இன்றைய திரை வைத்த பெட்டியும் இருக்கும். ஒரு பெட்டியில் முதலிடத்துக்கு 3 புள்ளி, அடுத்து 2, 1, கடைசி ஆளுக்கு பூஜ்யம். இப்படிப் பத்துச் சுற்று, இரண்டு நாள், ஆக மொத்தம் 40 ஆட்டம். முதல் நாள் முடிவில் புள்ளிகளை வைத்துப் பல பிரிவுகளாகப் பிரிப்பார்கள். மூன்றாம் நாள் இறுதிச் சுற்றுகள். நாற்பது ஆட்டத்தில் ஒருவருக்கே திரும்பத் திரும்ப அதிர்ஷ்டம் அடிக்காது. அங்கே மேலே வந்த பெயர்களைப் பாருங்கள், ஒவ்வோர் ஆண்டும் தெரிந்த முகங்களாகவே இருக்கும்.

பிட்ஸ்பர்க் மாநாட்டு மையத்தில் நடந்தபோது நான் பார்வையாளனாகப் போயிருக்கிறேன். கதவைத் திறந்ததும் முதலில் வருவது சத்தம்தான். பெரிய கூடம் முழுக்க வரிசை வரிசையாகப் பெட்டிகள், எல்லாம் ஒரே நேரத்தில் மணி அடிக்கும், பேசும், முழங்கும். 2019-இல் ஏறக்குறைய ஆயிரம் பேர் கலந்துகொண்டார்கள். அவர்களில் காது அடைப்பான் போட்டவர்களும் ஹெட்ஃபோன் மாட்டியவர்களும் நிறைய. எனக்கு வியப்பாக இருந்தது வேறு ஒன்று: உலகத் தரவரிசையில் முதல் பத்தில் இருக்கிற ஆளும், போன மாதம் ஆடத் தொடங்கிய ஆளும் ஒரே குழுவில் விழலாம். விழுந்தார்கள். தோற்றவரிடம் அந்தப் பெட்டியில் எந்தப் பாதை ஆபத்து, எங்கே அடித்தால் பந்து பத்திரமாகத் திரும்பும் என்று ஜெயித்தவர் சொல்லிக்கொண்டிருந்தார். அதைச் சொன்னால் அடுத்த ஆண்டு தனக்கே போட்டியாக வருவார் என்று தெரிந்தும்.

இந்தப் போட்டிகளின் பழைய வீடு பிட்ஸ்பர்க் அருகே கார்னகி என்ற சின்ன ஊர். கெவின் மார்ட்டின் என்பவர் பாப்பா அமைப்பைக் கையில் எடுத்து அங்கே பெட்டிகளைச் சேர்த்து வைத்திருந்தார். 2004 செப்டம்பரில் ஐவன் புயலின் மிச்சம் பெருமழையாகக் கொட்டி வெள்ளம் உள்ளே புகுந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட பெட்டிகள் சேற்றில். வேறு யாராக இருந்தாலும் கையைக் கழுவியிருப்பார்கள். அவர் மறுபடி முதலிலிருந்து சேர்த்தார். அவரை ஆட்டக்காரர் கணக்கில் சேர்க்க மாட்டீர்கள், தெரியும். ஆனால் அவர் இல்லாமல் இந்த இழையில் வருகிற பாதிப் பெயர்கள் நமக்குத் தெரிந்தே இருக்காது.

என் ஓட்டு போவென் கெரின்ஸுக்கு. 1994-இல் பாப்பா உலகப் பட்டம் ஜெயித்தார், அப்போது அவர் சின்னப் பையன். 2013-இல் மறுபடி ஜெயித்தார். இரண்டுக்கும் நடுவில் கிட்டத்தட்ட இருபது ஆண்டு, ஒரு தலைமுறையே மாறியிருக்கிறது. தொழிலில் அவர் கணிதப் பாடநூல் எழுதுகிறவர், அது அவர் பேச்சிலேயே தெரியும்.

சேலத்துக்காரன்

கெரின்ஸ் பெயரை யாராவது சொல்லட்டும் என்றுதான் காத்திருந்தேன்! பாப்பாவுக்காக அவர் போட்ட பாடக் காணொளிகளைப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆட்டமே புரிந்தது. மேலிருந்து ஒரு கேமரா பலகையைக் காட்டும், அவர் ஆடிக்கொண்டே பேசுவார். இப்போது இந்த ரேம்ப்பை (மேலேறும் சரிவுப் பாதை) அடிக்கிறேன், இதற்கு இவ்வளவு புள்ளி, அந்தப் பக்கம் போனால் அவுட்லேனில் (பந்து பறிபோகிற ஓரப் பாதை) விழுகிற வாய்ப்பு அதிகம், அதனால் விட்டுவிடுகிறேன் என்று ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் சொல்வார். பந்து போய்விட்டால் ஏன் போனது என்று சொல்வார். தன் வித்தையை இப்படித் திறந்து வைத்த ஒரு சாம்பியனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சேலத்தில் உட்கார்ந்துகொண்டு, ஃபோனில் கணினிப் பின்பால் ஆடுகிற எனக்கே அதனால் பந்தை ஏந்தி நிறுத்த வந்தது.

நள்ளிரவுவாசகி

இந்த இழையில் லைமன் ஷீட்ஸ் பெயர் இல்லாமல் இருக்கக் கூடாது.

1993-இல் பாப்பா உலகப் பட்டம் ஜெயித்தவர். அதன் பிறகு பின்பால் பெட்டிகளுக்கு நிரல் எழுதப் போனார். அட்டாக் ஃப்ரம் மார்ஸ், மெடீவல் மேட்னஸ், மான்ஸ்டர் பாஷ், பிற்பாடு ஏசி/டிசி, மெட்டாலிகா, வாக்கிங் டெட். பின்பால் பிடித்தவர்களிடம் சிறந்த பத்துப் பெட்டி கேட்டால் இதில் இரண்டு மூன்றாவது வராமல் இருக்காது.

பெட்டியின் பாதைகளையும் ரேம்ப்பையும் ஒருவர் வடிவமைப்பார். ஆனால் எந்தப் பாதைக்கு எவ்வளவு புள்ளி, எதை அடித்தால் எது திறக்கும், எப்போது மல்ட்டிபால் (ஒரே நேரத்தில் பல பந்து) வரும், இதையெல்லாம் முடிவு செய்வது விதிகளை எழுதுகிறவர். மெடீவல் மேட்னஸில் நடுவில் ஒரு கோட்டை இருக்கிறது. முதலில் பாலத்தை அடிக்க வேண்டும், அது இறங்கும். பிறகு கதவை அடிக்க வேண்டும். பிறகு உள்ளே ஒரு அடி, கோட்டை சரியும். சின்னக் குழந்தைக்கும் என்ன செய்ய வேண்டும் என்று பார்த்ததும் புரியும். ஆனால் அந்தக் கோட்டையைக் குறிவைத்துத் தப்பினால் பந்து நேராக நடுவில் திரும்பி வரும், ஆகவே போட்டியில் எப்போது கோட்டைக்குப் போவது, எப்போது ரேம்ப்பில் பத்திரமாகப் புள்ளி சேர்ப்பது என்று சாம்பியன்கள் இன்றும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். தானே உச்சத்தில் ஆடியவர் எழுதியதால்தான் இந்த இரண்டும் ஒரே பெட்டியில் சாத்தியமானது என்பது என் கருத்து. பெட்டி விற்றுப் போன பின்னாலும் அவர் நிரலைத் திருத்திக்கொண்டே இருப்பார், ஆட்டக்காரர்கள் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தால் அடுத்த பதிப்பில் அடைத்துவிடுவார்.

2022 ஜனவரியில் இறந்துவிட்டார். அந்த வாரம் நேரலை நடத்துகிறவர்கள் பலரும் அவருடைய பெட்டிகளைத்தான் ஆடினார்கள். நானும் விடிய விடியப் பார்த்தேன். ஒருவர் பேச முடியாமல் பாதியில் நிறுத்திவிட்டு, பேசாமலே ஆடி முடித்தார்.

தரவரிசைக்காரன்

எல்லாரும் நல்லா எழுதுகிறீர்கள், ஆனால் எனக்கு ஒரு மாறுபட்ட கருத்து. இது ஆட்டக்காரர்களைக் கொண்டாடும் இழையா, பெட்டி செய்கிறவர்களைக் கொண்டாடும் இழையா? ஷார்ப் 1976-இல் செய்ததை வைத்து ஓட்டு, ஷீட்ஸுக்கு நிரலுக்காக ஓட்டு, எல்வினுக்கு வடிவமைப்புக்காக ஓட்டு. இன்றைக்கு நின்று ஜெயிக்கிறவனுக்கு யார் ஓட்டுப் போடுவது?

எஷர் லெஃப்கோஃப். கொலராடோ பையன். 2017-இல் பாப்பா உலகப் பட்டம் ஜெயித்தபோது வயது 13. அப்பாவும் நல்ல ஆட்டக்காரர், இருவரும் சேர்ந்தே போட்டிகளுக்குப் போவார்கள். சின்ன வயதில் ஜெயித்துவிட்டுக் காணாமல் போகிற பிள்ளைகள் எல்லா விளையாட்டிலும் உண்டு, இவர் அப்படிப் போகவில்லை, வளர்ந்து உலகத் தரவரிசையில் முதலிடத்துக்கே வந்தார்.

அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிய வேண்டுமானால் தரவரிசைப் புள்ளி எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். அந்தப் புள்ளியை வாப்பர் (WPPR) என்று சொல்வார்கள். எத்தனை பேர் ஆடினார்கள், அவர்கள் எவ்வளவு வலுவானவர்கள், எவ்வளவு நேரம் ஆடினார்கள் என்பதை வைத்து ஒரு போட்டிக்கு மதிப்பு. நீங்கள் வாங்கிய புள்ளி முதல் ஆண்டு முழுதாக இருக்கும், இரண்டாம் ஆண்டு முக்கால், மூன்றாம் ஆண்டு பாதி, அதோடு காலி. பழைய பெருமையை வைத்து மேலே உட்கார்ந்திருக்க முடியாது. ஜெயித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்டெர்ன் ப்ரோ சர்க்யூட் என்று நாடு முழுக்கச் சுற்றுகிற தொடர் போட்டிகள், பிறகு மாநிலப் போட்டி, அதில் முதலில் வந்தால் தேசியப் போட்டி. வாஷிங்டன் மாநிலத்துக்காரர் ரேமண்ட் டேவிட்சன் இப்படித்தான் சில ஆண்டுகள் முதலிடத்தில் நின்றார். அவருடைய ஆட்டத்தில் எனக்குப் பிடித்தது விதிகளைப் பற்றிய அறிவு. எந்தப் பெட்டியில் எந்த மூலையில் புள்ளி ஒளிந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியாத பெட்டியே இல்லை என்று தோன்றும்.

என் ஓட்டு எஷருக்கு. இரண்டாவது ரேமண்டுக்கு.

வெள்ளிக்குண்டு

@தரவரிசைக்காரன், ரேமண்ட் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்? ஸ்டெர்னில், பெட்டிகளுக்கு நிரல் எழுதுகிறார். நீங்கள் பிரித்துப் பார்க்கச் சொல்கிற இரண்டும், ஆடுவதும் பெட்டி செய்வதும், அமெரிக்காவில் பிரிந்து இருந்ததே இல்லை. வீதிக்கு வீதி கேம் பார்லர் இருந்த காலம் போய், 1999-இல் பெரிய தயாரிப்பாளரான வில்லியம்ஸ் நிறுவனமே பின்பாலைக் கைவிட்டது. பெரிய அளவில் தயாரிக்க ஸ்டெர்ன் ஒன்றுதான் மிச்சம். அப்போது இந்த ஆட்டம் ஒழிந்து போயிருக்க வேண்டியது. ஒழியவில்லை, ஏனென்றால் ஆடியவர்கள் விடவில்லை. அவர்களே போட்டி நடத்தினார்கள், தரவரிசை எழுதினார்கள், பழைய பெட்டிகளைச் சாலிடரிங் வைத்துப் பழுது பார்த்தார்கள், காணொளி போட்டார்கள், கடைசியில் நிறுவனத்துக்குள் போய்ப் புதுப் பெட்டியே செய்தார்கள். எஷர் 13 வயதில் ஜெயிக்க ஒரு மேடை இருந்தது என்றால் அதைக் கட்டியவர்கள் அவருக்கு முன்னால் ஆடியவர்கள். ஆகவே நான் இரண்டையும் சேர்த்தே எண்ணுவேன்.

தரவரிசைக்காரன்

மேடை கட்டியதற்கு நன்றி சொல்லலாம், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இறுதிச் சுற்றில் கடைசிப் பந்து, எதிராளி வைத்துவிட்டுப் போன புள்ளி கண் முன்னால் இருக்கிறது, சுற்றி அத்தனை பேர் மூச்சு விடாமல் நிற்கிறார்கள். அங்கே கை நடுங்காமல் பந்தை ஏந்தி நிறுத்துவது வேறு குணம். அதற்கென்று ஒரு தனி மரியாதை வேண்டும். என் ஓட்டு மாறாது.

நள்ளிரவுவாசகி

இருவர் சொல்வதும் சரி, சண்டை வேண்டாம் :)

கனடாக்காரர் ஒருவரைச் சேர்க்கலாமா? எல்லை தாண்டித்தான், ஆனால் அவர் ஜெயித்தது அமெரிக்க மண்ணில். ராபர்ட் காக்னோ. பிரிட்டிஷ் கொலம்பியா, வான்கூவர் பக்கம். மூன்று வயதில் ஆட்டிசம் இருப்பதாகச் சொன்னார்கள். சின்னப் பிள்ளையிலிருந்தே பின்பால் மேல் அப்படி ஒரு பிடிப்பு. அப்பாவுடன் போட்டி போட்டியாகப் போய் 2016-இல் பாப்பா உலகப் பட்டத்தை ஜெயித்தார். என் தம்பிக்கும் ஆட்டிசம் என்பதால் அவர் ஆட்டத்தை நான் வேறு கண்ணோடு பார்க்கிறேன். பெட்டிக்கு முன்னால் அவர் நிற்கிற நிலை, தோளின் அசைவு, கண் எங்கேயும் போகாமல் பந்தோடு மட்டும் ஓடுவது. அவ்வளவு சத்தமும் வெளிச்சமும் இருக்கிற கூடத்தில் அவர் அப்படி நின்று ஆடுவதை என் அம்மாவுக்குக் காட்டினேன். அம்மாவுக்கு விதி ஒன்றும் புரியவில்லை, முழு ஆட்டமும் பார்த்தார்.

பிட்ஸ்பர்க்வாசி

காக்னோவைச் சேர்த்ததற்கு நன்றி தோழி. பெண்கள் பக்கம் யாரும் இன்னும் வரவில்லையே? ஓக்லந்தில் 2013-இல் எக்கா ஷ்னைடர் தொடங்கிய பெல்ஸ் அண்ட் சைம்ஸ் என்ற பெண்கள் பின்பால் குழு இன்று பல ஊர்களில் கிளை விட்டிருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு பெண் தனியாக பாருக்குள் போய், ஆண்கள் கூட்டத்தில் வரிசையில் நின்று ஆட வேண்டும், பக்கத்தில் ஒருவர் கேட்காமலே ஆலோசனை சொல்லிக்கொண்டிருப்பார். இப்போது பெண்களுக்கென்று தனித் தரவரிசையும் தனிச் சாம்பியன்ஷிப்பும் இருக்கின்றன, பொதுப் போட்டியிலும் ஆடலாம். தனியாக எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. வந்து சேர்ந்த பெண்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் போதும் என்பேன்.

நள்ளிரவுவாசகி

முழுதாக ஆமோதிக்கிறேன். "இப்படி அடிம்மா" தொல்லை இல்லாத ஒரு மாலை என்பதே பெரிய விஷயம்.

இயந்திரப்பித்தன்

ஒரு பெயர் விடுபட்டுப் போகக் கூடாது: கார்ல் டி'ஆஞ்சலோ. தெற்குக் கலிபோர்னியா. பெரிய போட்டிகளை நேரலையில் கொண்டுவருகிறவர், தானும் முதல் வரிசையில் ஆடுகிறவர். ஒரு கேமரா பலகைக்கு, ஒன்று புள்ளித் திரைக்கு, ஒன்று ஆட்டக்காரர் முகத்துக்கு. பெட்டியை நாலு பேர் சூழ்ந்து நின்றால் ஐந்தாவது ஆளுக்கு ஒன்றும் தெரியாத விளையாட்டு இது. இவரைப் போன்றவர்கள் கேமராவும் ஸ்டாண்டும் தூக்கிக்கொண்டு அலைந்ததால்தான் சேலத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் நாம் இங்கே உட்கார்ந்து வாதாடுகிறோம்.

ஒஹையோ_புதுசு

வணக்கம், இத்தனை நாள் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கணவர் வேலைக்காக இங்கே வந்தோம், பக்கத்தில் ஒரு கடையில் வாரம் ஒருநாள் பின்பால் லீக் நடக்கிறது என்று பலகை வைத்திருக்கிறார்கள். எனக்கு ஃபிளிப்பர் அடிக்க மட்டும்தான் தெரியும். போனால் சேர்த்துக்கொள்வார்களா? தகுதி ஏதாவது வேண்டுமா?

பிட்ஸ்பர்க்வாசி

தகுதி ஒன்றும் வேண்டாம் சகோதரி, தாராளமாகப் போங்கள். பெயர் கொடுத்தால் போதும். அது தரவரிசைக்குப் பதிவான லீக் என்றால் முடிவுகள் பதிவானதும் உங்கள் பெயரும் பட்டியலில் ஏறிவிடும், எல்வின் இருக்கிற அதே பட்டியல். இரண்டு விஷயம் மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: டில்ட் ஆனால் உங்கள் பந்து போகும், அதற்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அடுத்தவர் முறையில் தவறுதலாகக் கூடப் பந்தை விட்டுவிடாதீர்கள், திரையில் எத்தனையாவது ஆள் என்று பார்த்துவிட்டு பிளஞ்சரில் கை வையுங்கள்.

வெள்ளிக்குண்டு

முதல் வாரம் ஜெயிக்க நினைக்க வேண்டாம், மேலே சொன்ன டெட் பவுன்ஸை மட்டும் முயன்று பாருங்கள். கை பொத்தானை அடிக்கத் துடிக்கும், அடிக்காதீர்கள். காது அடைப்பான் ஒரு ஜோடி பையில் போட்டுக்கொள்ளுங்கள். என்னென்ன பெட்டிகள் அங்கே இருக்கின்றன என்று வந்து எழுதுங்கள், மெடீவல் மேட்னஸ் இருந்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

ஒஹையோ_புதுசு

வியாழக்கிழமை போகிறேன். கண்ணாடி வழியாகப் பார்த்ததில் கோட்டை வைத்த பெட்டி ஒன்று இருக்கிறது, அதுதானா என்று தெரியவில்லை. படம் எடுத்துப் போடுகிறேன்.